பிராண்டு வாங்கினால் அரசியல் இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிழக்கு ஐரோப்பா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, சோஷலிசம் போன பிறகு அங்குள்ள இளைஞர்களுக்குப் பிராண்டு மோகம்தான் மிச்சம், அரசியல் இல்லை என்கிறது. செர்பியாவின் நோவி சாத் நகரில் வேலை பார்த்தவன் நான். படித்ததும் மனது வலித்தது.

2024 நவம்பர் 1 அன்று அந்த ஊர் ரயில் நிலையத்தின் முகப்புக் கூரை இடிந்து 16 பேர் பலியானது உங்களுக்குத் தெரியாததல்ல. அதுவும் புதுப்பித்துத் திறந்து சில மாதங்களே ஆன நிலையம். ஊழல்தான் காரணம், அரசு பொறுப்பு ஏற்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்களை முடக்கியதும், கடும் குளிரில் தலைநகர் பெல்கிரேடிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் நடந்து வந்ததும் கட்டுரையாளர் குறை சொல்லும் அதே பிள்ளைகள்தான். தலைவர் என்று யாரும் கிடையாது. கூட்டம் போட்டு, கை தூக்கி வாக்களித்து முடிவெடுத்தார்கள். என்னோடு வேலை பார்த்த பையன் சம்பளம் வந்தால் ஷூ கடைக்குத்தான் முதலில் போவான். விபத்து நடந்த 11.52 மணிக்கு, இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு நிமிடம் என்று நடுத்தெருவில் மௌனமாக நின்றவர்களில் அவனும் ஒருவன்.

2025 ஜனவரியில் விலைவாசியைக் கண்டித்து குரோவேஷியாவில் மக்கள் கடைகளைப் புறக்கணித்தார்கள். சில நாட்களில் அது செர்பியாவுக்கும் பரவியது. வாங்காமல் இருப்பதும் அரசியல்தானே ஐயா?

உங்கள் இதழ் இப்படி எழுதுவது முதல் முறையும் அல்ல. சோவியத் வீழ்ச்சி என்றாலே மாஸ்கோ மெக்டொனால்ட்ஸ் வாசலில் நின்ற வரிசையின் படம்தான். பெல்கிரேடில் அந்தக் கடை 1988-லேயே, சோஷலிச ஆட்சியிலேயே வந்துவிட்டது. செர்பியா அன்று சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவின் மக்கள் ஜீன்ஸ் வாங்க இத்தாலியின் திரியெஸ்தே நகருக்குப் போனது அதற்கும் முந்தைய கதை. அப்புறம் 1993-இல் பணவீக்கம் முற்றி 50,000 கோடி தினார் நோட்டு அச்சடித்தார்கள். அந்தப் பையனின் அம்மா அதில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை நல்ல ஷூவுக்கு ஆசைப்படுவதைக் குற்றமாக எழுதலாமா? 2000-இல் அன்றைய அதிபர் மிலோசெவிச்சைப் பதவியிலிருந்து இறக்கிய போராட்டத்தில் முன்னால் நின்ற ஓட்போர் என்ற இயக்கத்தின் இளைஞர்களைப் பற்றி முன்பு எழுதினேன். அந்தக் கடிதம் வெளியாகவில்லை. பரவாயில்லை.

கட்டுரைக்குப் போட்ட படத்தில் இருப்பது பெல்கிரேட் அல்ல. நோவி சாத்தில் மாணவர்கள் மறித்த சுதந்திரப் பாலம். அடுத்த இதழில் ஊர்ப் பெயரையாவது தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், ஈரோடு