வளாகப் பேருந்துப் பயணிகள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கூட்டம் முடிந்து போவதற்கு 8.10 வண்டி இருக்கிறது. அதனால் யாரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். போன ஆண்டு இதே அரங்கில் என்னால் இப்படிச் சொல்ல முடியவில்லை. 5.20தான் கடைசி வண்டி என்பதால் பாதிப் பேர் வரவு செலவு வாசிப்பதற்கு முன்பே எழுந்து போக வேண்டியிருந்தது.

இந்த ஆண்டு நாம் செய்த பெரிய வேலை அந்த 8.10 வண்டிதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலையில் ஃபுட்போர்டு வரை நிரம்பி வரும் வண்டிகள் மாலையில் பாதி காலியாகத் திரும்புகின்றன. இதைக் காட்டித்தான், "ஆளே இல்லாதபோது இன்னொரு ட்ரிப் எதற்கு?" என்று பல்கலைக்கழகப் போக்குவரத்துப் பிரிவில் நம்மைக் கேட்டார்கள். ஆள் இல்லாமல் இல்லை. கால அட்டவணைப்படி லேப் 5 மணிக்கு முடிகிறது. ஆனால் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கவிழ்த்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கி வெளியே வருவதற்குள் ஐந்தரை ஆகிவிடும். நூலகமோ 8 மணி வரை திறந்திருக்கிறது. இரண்டு நாள் வண்டியைத் தவறவிட்டு ஆட்டோவுக்குக் காசு கொடுத்த மாணவன் மூன்றாம் நாள் அப்பாவின் பைக்கில் வந்துவிடுகிறான். அப்புறம் அவன் காலையிலும் பஸ்ஸுக்கு வருவதில்லை. திரும்பிப் போக வண்டி உண்டு என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் காலையில் ஏறுவார்கள். நம் சங்கம் ஆண்டு முழுவதும் எல்லா மனுவிலும் எழுதியது இந்த ஒன்றைத்தான்.

இதற்கு முதல் தடை ஓட்டுநர்களிடமிருந்து வந்தது. அது நியாயமான தடை. காலை 6 மணிக்கு வண்டி எடுத்தவரை இரவு 9 மணி வரை ஸ்டீரிங்கில் உட்கார வைப்பது பாவம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் வேலை நேரத்தை வரையறுத்திருந்தது. நாம் கேட்ட வண்டிக்காக இன்னொருவரின் தூக்கம் போகக் கூடாது. ஆகவே ஓட்டுநர்களோடு உட்கார்ந்து பேசினோம். மதியம் 12 மணிக்கு டூட்டிக்கு வருபவரே 8.10 வண்டியை எடுப்பார் என்று அவர்களே வழி சொன்னார்கள். சங்கத்தின் மனுவில் அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூலையில் சோதனை ஓட்டம் தொடங்கியது. முதல் நாள் ஏறியவர்கள் ஆறு பேர். என்னையும் சேர்த்துத்தான் ஆறு. முதல் வாரம் முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. ஒரு மாதம் பொறுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டோம். நூலக வாசலில் 'இரவு 8.10 வண்டி உண்டு' என்று தினமும் சாக்பீஸால் எழுதி வைத்தோம். எழுதியது முதுகலை இரண்டாமாண்டு மாணவிகள். மழையில் அழிந்தால் மறுபடி எழுதினார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து உட்கார இடம் தேட வேண்டியதாயிற்று. இப்போது அந்த வண்டி நிரந்தர அட்டவணையில் இருக்கிறது.

அடுத்தது படிக்கட்டு. சிறிய வேலைதான், ஆனால் எனக்கு மிகவும் மனநிறைவு தந்த வேலை. பழைய வண்டிகளில் முதல் படி தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கும். துப்புரவுப் பணியில் இருக்கும் ஒரு அம்மா தினமும் தூக்குவாளியை முதலில் உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி உந்தி ஏறுவார். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினால் அடுத்த வண்டிக்கு ஒதுங்கிவிடுவார். மூன்று வண்டிகளில் கீழே ஒரு இரும்புப் படி கூடுதலாகப் பற்றவைத்து, வழுக்காமலிருக்க ரப்பரும் ஒட்டினார்கள். இப்போது அவர் தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டே ஏறுகிறார். மற்ற வண்டிகளை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, அனுப்பும்போது அவற்றுக்கும் படி வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இருக்கைத் தகராறு பற்றியும் பேசியாக வேண்டும். முன்வரிசைகள் ஊழியர்களுக்கு என்பது பழைய வழக்கம். வண்டி புறப்பட்ட பிறகும் அந்த இடங்கள் காலியாகக் கிடக்க, மாணவர்கள் பையைச் சுமந்தபடி நின்றுகொண்டு வந்தார்கள். போதாததற்கு ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு சீட் பிடிப்பது வேறு. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினோம். வண்டி புறப்படும் வரைதான் ஊழியர் இருக்கை. கிளம்பிய பிறகு காலி இடம் யாருக்கும் பொது. முதல் இரண்டு இருக்கைகள் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். சில மூத்த பேராசிரியர்களுக்கு வருத்தம் உண்டு, அது எனக்குத் தெரியும். மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே என்று கேட்கிறார்கள். மாணவர்களும் கட்டணம் கட்டித்தான் வருகிறார்கள். முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

இனி நுழைவாயில் பிரச்சினை. 2021 மே மாதம் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, நம் மாணவிகளிலும் பெண் ஊழியர்களிலும் பலர் பல்கலைக்கழக வண்டியை விட்டு டவுன் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். வீட்டில் காசு மிச்சம். சந்தோஷம்தான். ஆனால் டவுன் பஸ் அவர்களை நெடுஞ்சாலை நுழைவாயிலோடு இறக்கிவிடுகிறது. அங்கிருந்து துறைக் கட்டடங்கள் வரை வெயிலில் நடை. இருக்கும் பேட்டரி வண்டிகள் இரண்டு. அதில் ஒன்று எப்போதும் சார்ஜில் நிற்கிறது. உள்ளே சுற்றிவரும் ஒரு சிறு பேருந்து காலை 8.30 முதல் 10 வரையாவது ஓட வேண்டும் என்று மூன்று மனு கொடுத்துவிட்டோம். பதில் வரவில்லை.

இது நடக்காத காரியம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் பல ஆண்டுகளாக வாயிலிலிருந்து விடுதிகள் வரை பேருந்து ஓடுகிறது. 600 ஏக்கருக்கு மேல் பரந்த, கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய, மான் திரியும் காடு அது. விடுதிகளுக்கு நதிகளின் பெயர்; பேருந்துகளுக்கு மலைகளின் பெயர். நதி நின்ற இடத்தில் நிற்க, மலை ஓடுவது இங்கே மட்டும்தான் என்று அங்கே படித்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு வண்டிக்குச் செல்லப்பெயர் வைத்துக் கூப்பிடும் அளவுக்கு அது அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது. அமெரிக்காவில் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1968இல் மாணவர் அமைப்பே இரண்டு பழைய லண்டன் மாடி பஸ்களை வைத்துத் தொடங்கிய சேவை இன்று அந்த ஊருக்கே பேருந்தாக ஓடுகிறது. ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். நாம் கேட்பது ஒரே ஒரு சிறு பேருந்து.

நவம்பர் பருவத் தேர்வன்று நடந்ததையும் பதிவு செய்கிறேன். ரயில்வே கேட் அருகே வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் எடுக்கவில்லை. மாணவர்களும் அலுவலக ஊழியர்களுமாக இறங்கித் தள்ளியும் பயனில்லை. பதில் வண்டி வரவே இல்லை. அந்த வழியாகக் காரில் வந்த ஆசிரியர்கள் ஐந்து ஐந்து பேராக ஏற்றிப் போனார்கள்; மீதிப் பேர் ஷேர் ஆட்டோ. சிலர் இருபது நிமிடம் தாமதமாகத்தான் தேர்வு அறைக்குள் நுழைந்தார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே எழுதினாள். தேர்வு நாட்களில் ஒரு மாற்று வண்டி தயாராக நிற்க வேண்டும் என்று அன்று மாலையே கேட்டோம். ஏப்ரல் தேர்விலிருந்து நிறுத்துவதாக எழுத்தில் உறுதி தந்திருக்கிறார்கள்.

வண்டி எங்கே வருகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் பகிரும் ஏற்பாடு நன்றாக நடக்கிறது. ஓட்டுநருக்கு நேரடியாக போன் செய்யாதீர்கள் என்று மட்டும் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

முடிக்க முடியாமல் போனது தொகுப்பூதிய ஊழியர்களின் பாஸ். நிரந்தர ஊழியருக்குக் கிடைக்கும் சலுகைக் கட்டணம், அவர்கள் சம்பளத்தில் பாதிகூட வாங்காத இவர்களுக்கு இல்லை. இரண்டு முறை பதிவாளர் அலுவலகம் வரை போனோம். கோப்பு நிதிப் பிரிவில் இருக்கிறது என்கிறார்கள். வரும் ஆண்டின் முதல் வேலையாக இதையும், நுழைவாயில் சிறு பேருந்தையும் எடுத்துக்கொள்ளும்படி புதிய செயற்குழுவுக்குத் தீர்மானமாகவே முன்மொழிகிறேன். உறுப்பினர்கள் வழிமொழிய வேண்டும்.

மே மாதம் ஓய்வுபெறும் நம் மூத்த ஓட்டுநருக்குச் சங்கத்தின் நன்றி. நூலகத்திலிருந்து யாராவது ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால், கியர் போட்ட வண்டியையும் நிறுத்தி ஏற்றிக்கொண்டவர் அவர்.

அடுத்து, பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்