எங்கள் தந்தையாருக்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

முன்னாள் படைவீரரும், கரூரில் பேருந்துகளுக்குக் கூண்டு (பாடி) கட்டும் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவருமான எங்கள் தந்தையார் தமது 82ஆம் வயதில் காலமானபோது, நேரில் வந்தும் தொலைபேசியில் அழைத்தும் எங்கள் துயரத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் குடும்பத்தாரின் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

1962ஆம் ஆண்டுச் சீனப் போரை அடுத்துப் படையில் சேர்ந்த அவர், இ.எம்.இ. எனப்படும் மின் மற்றும் இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவில் வாகனப் பழுதுநீக்கும் பணியைக் கற்றார். அந்தப் படைப்பிரிவு தொடங்கப்பட்டதும் தாம் பிறந்ததும் ஒரே 1943ஆம் ஆண்டில்தான் என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிப் பெருமைப்படுவார். 1971 போரில் கிழக்கு முனையில் ஆற்றுமணலில் புதைந்த சக்திமான் லாரிகளை மீட்கும் குழுவில் இருந்தார். போரைப் பற்றி எதைக் கேட்டாலும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாரே தவிர, புதைந்த வண்டியில் இழுவைக் கம்பியை எங்கே மாட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டால் பொழுது போவதே தெரியாமல் விளக்குவார். தள்ளாத வயதிலும் பதக்கங்களை அணிந்து வந்து, அமராவதிக் கரையில் அவருக்கு இறுதி வணக்கம் செலுத்திய முன்னாள் படைவீரர்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டுள்ளோம்.

படையிலிருந்து திரும்பிய பின் அவர் வாழ்ந்ததெல்லாம் பட்டறையில்தான். மரச்சட்டத்தின் மேல் தகடு அறைந்த காலம் தொடங்கி இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் அமைக்கும் காலம் வரை, எண்ணூர், ஓசூர் வாகனத் தொழிற்சாலைகளிலிருந்து கூண்டின்றி ஓட்டிவரப்பட்ட எத்தனையோ சேஸ்கள் (இயந்திரமும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டங்கள்) அவர் மேற்பார்வையில் பேருந்துகளாயின. சேஸின் நீளச்சட்டத்தில் எவரும் பற்றவைக்க அவர் அனுமதித்ததில்லை. அந்தச் சூட்டில் இரும்பு வலுவிழந்து பின்னாளில் விரிசல் விடும் என்பதால், நேரம் பிடித்தாலும் யு போல்ட் எனப்படும் வளைந்த திருகாணி கொண்டே குறுக்குச்சட்டங்களைப் பிணைக்கச் செய்வார். பின் அச்சுக்கு அப்பால் கூண்டு நீளும் அளவு, முன் பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. இன்னும் ஒரு வரிசை இருக்கை வேண்டும் என்றோ, அவசர வழியை மறைத்து ஓர் இருக்கையைப் போட்டுவிடலாம் என்றோ கேட்டவர்களிடம் அவர் பேரம் பேசியதில்லை. தொழிலில் இந்தப் பிடிவாதத்தால் எங்களுக்கு ஏற்பட்ட இழப்பு சிறிதன்று என்பதையும், வீட்டில் அதற்காக நாங்கள் அவரிடம் சண்டையிட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. அன்று கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குச் சென்ற உரிமையாளர்கள் சிலரும் மாலையுடன் வந்து நின்றது எங்களை நெகிழச் செய்தது.

எல்லாரினும் மேலான நன்றி பட்டறைத் தோழர்களுக்கு உரியது. தச்சர், வெல்டர், டிங்கர், பெயின்டர், இருக்கை தைப்பவர் என ஒவ்வொருவரும் அவருடைய வசவுகளைப் பொறுத்துக்கொண்டவர்கள். ரிவெட் வரிசை நூல் பிடித்தாற்போல் இல்லையென்றால், ஒட்டிய தகட்டைக் கழற்றி மறுபடி அடித்தவர்கள். கடைசி ஆண்டுகளில் பார்வை மங்கியபோது, அவரை நாற்காலியில் அமர்த்தாமல் வண்டியைச் சுற்றிக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, தகட்டைத் தடவிப் பார்த்து அவர் குறை சொல்லும்வரை காத்திருந்தார்கள். சில நேரம் அவர் சொன்ன குறை அங்கே இருந்ததில்லை. அப்போதும் “சரிங்கய்யா, பாத்துக்கறோம்” என்ற அவர்களின் பெருந்தன்மைக்கு ஈடாக எங்களிடம் எதுவுமில்லை.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், இரவில் விழித்திருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அழைத்த நேரத்தில் வந்த ஆட்டோ ஓட்டுநர் தம்பிக்கும், துக்க நாட்களில் வந்தவர்களுக்கெல்லாம் உணவும் காபியும் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் நன்றி.

அவருடைய கருவிகளை அவரிடம் தொழில் பழகியவர்களுக்கே பகிர்ந்தளித்துவிட்டோம். கூண்டு வேலை பாதியில் நிற்கும் வண்டிகளின் உரிமையாளர்கள், ஒரு நாளும் அவசரப்படுத்தாமல் காத்திருப்பதற்கு நன்றி கூறி, அவர் வகுத்த அளவுகளின்படியே வேலையை முடித்துத் தை மாதத்துக்குள் ஒப்படைப்போம் என உறுதியளிக்கிறோம்.

இப்படிக்கு,
மனைவி, மக்கள், மருமக்கள், பேரக்குழந்தைகள்
கரூர்