கடப்புற நிலப் பாதுகாப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஊர்க் கமிட்டிப் பெரியோரே, தாய்மாரே, இளைஞரே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. வரவு செலவு, சந்தா பாக்கி, சங்கப் பதிவு ஆகியவற்றைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் கடப்புற நிலத்தை, அதாவது நம் தொழிலுக்கான கடற்கரை மணலை மட்டும் பேசுகிறேன்.

இந்த ஆண்டு தெருவில் இறங்கிப் பெரிதாக எதுவும் நடத்தவில்லை. சிலருக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் மறியலுக்கு வந்து சமாதானம் பேசும் அதிகாரி சில மாதத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். புல எண்ணும் (சர்வே எண்) அளவும் எழுதிக் கொடுத்த மனு கோப்பில் கிடக்கும். அடுத்து வருபவரும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் இந்த ஆண்டு உழைப்பெல்லாம் தாள் தேடுவதிலேயே போனது.

நிலம் எப்படிப் போகிறது

கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெருவலை) இழுக்கவும், வள்ளம் ஏற்றவும், வலையும் நெத்திலியும் காயப்போடவும் கிடக்கும் மணல் ஒரே நாளில் யாருக்கும் சொந்தமாவதில்லை. முதலில் நாலு தென்னங்கன்று வைப்பார்கள். கேட்டால் நிழலுக்குத்தானே என்பார்கள். ஆடு கடிக்காமல் இருக்கச் சவுக்குக் கம்பும் பச்சை வலையும் வரும். வண்டி மணலில் புதைகிறது என்று செம்மண் லோடு இறங்கும். செம்மண் விழுந்த இடத்தில் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் பட்டுப்போகும். அவை பிடித்து வைத்திருந்த மணல்மேடு இளகும். மேடு போனதும் கடல் உள்ளே வரும். பிறகு, கடல் அரிக்கிறது என்று சொல்லிக் கருங்கல் சுவர். அந்தச் சுவரில் மோதும் அலை அடிமணலை வாரிக்கொண்டு போய், சுவர் முடிகிற இடத்தில் பக்கத்துக் கரையைத் தின்னும். கடைசியில் பாதைக்குக் குறுக்கே ஒரு சங்கிலி, அதற்கொரு பூட்டு.

ஒவ்வொரு படியும் புகார் கொடுக்கத் தோன்றாத அளவுக்குச் சிறியதாக இருப்பதுதான் இதன் சூட்சுமம். சங்கத்துக்குத் தகவல் வருவதோ பெரும்பாலும் பூட்டு விழுந்த பிறகு. கன்று வைக்கும்போதே சொல்லிவிட்டால் வேலை பாதி குறையும்.

இன்னொன்று. நம் பக்கத்துக் கரை ஆனி, ஆடியில் சுருங்கும். மார்கழிக்குப் பிறகு மணல் ஏறி அகலும். இடம் பார்க்க வருகிறவர்கள் மாசி, பங்குனியில் வருவது தற்செயல் அல்ல. ஈரம் தெரிகிற இடத்திலிருந்து டேப் பிடித்து, இத்தனை மீட்டர் தள்ளித்தான் கட்டுகிறோம் என்று காட்டினால் நம்ப வேண்டாம். சட்டம் அளப்பது உயர் அலைக் கோட்டிலிருந்து. அது கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் வரையப்பட்ட கோடு. 2024 மே தொடக்கத்தில் கள்ளக்கடல் (அறிகுறியில்லாமல் திடீரெனப் பொங்கும் கடல்) ஏறியபோது தண்ணீர் எதுவரை வந்தது என்ற படங்களைத் தனியாக வைத்திருக்கிறோம். அவற்றால் அந்தக் கோடு மாறாது. ஆனாலும், இங்கே தண்ணீரே வராது என்று ஒருவர் மனுவுக்குப் பதில் எழுதும்போது பயன்படும்.

தாள்கள்

ஒவ்வொரு கரையோரப் புல எண்ணுக்கும் 'அ' பதிவேட்டு நகல், புலப்படம், அடங்கல் மூன்றும் வேண்டும். நிலம் புறம்போக்கா பட்டாவா என்பதை 'அ' பதிவேடு சொல்லும். அளவுகளைப் புலப்படம் சொல்லும். இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்பது அடங்கலில் தெரியும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் இன்னொன்றைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவேட்டில் கணக்கு ஹெக்டேர், ஏர். நமக்கு வாயில் வருவது சென்ட். ஒரு ஏர் 2.47 சென்ட். மனுவில் பதிவேட்டு அளவையே எழுதுங்கள், சென்ட் கணக்கைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

1956 நவம்பர் 1 வரை குமரிப் பகுதியினரான நாம் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தவர்கள் என்பதால் பழைய பிரமாணங்கள் (நிலப் பத்திரங்கள்) மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கின்றன. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும். ஆவணிக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து ஒன்று வித்தியாசப்படலாம். இந்தப் பிரமாணங்களில் ஓர் எல்லை 'கடல்' என்றே எழுதப்பட்டிருக்கும். அதைக் காட்டித்தான் அலை வரைக்கும் உரிமை கேட்கிறார்கள். விஸ்தீரணம் சிறியது என்று மட்டும் நாம் வாதிட்டால் போதாது. அளவும் எல்லையும் முரண்பட்டால் எல்லையே செல்லும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். நம் பதில் வேறு. கடல்படுகையும் வேறொருவருக்கு உரிமை இல்லாத நிலமும் அரசின் சொத்து என்கிறது 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ம் பிரிவு. தனக்கு இல்லாததை விற்றவர் விற்றதாக ஆகாது. இதோடு சர்வே அளவையும் கேட்க வேண்டும். அளவைக்கு முந்தின நாளே கல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முதலில் காணாமல் போவது எல்லைக் கல்தான். அதைப் பிடுங்குவது 1923-ம் ஆண்டு சர்வே மற்றும் எல்லைகள் சட்டப்படி குற்றம்.

பி மெமோ, அதாவது அரசு நில ஆக்கிரமிப்புக்கு வருவாய்த் துறை தரும் அபராத நோட்டீஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆக்கிரமிப்பாளருக்குப் பி மெமோ போட்டு அபராதம் வாங்கிவிட்டார்கள் என்றதும் நம்மில் பலர் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். அந்த ரசீதுகளையே வருஷக்கணக்கில் சேர்த்துவைத்து, அனுபவத்துக்குச் சான்று என்று நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அப்படித்தான் பயன்படுகின்றன. அரசு நிலத்துக்கு எதிர் அனுபவம் (நீண்ட காலம் வைத்திருந்ததையே காட்டி உரிமை) கேட்க 30 ஆண்டு வேண்டும் என்பது உண்மை. சும்மா இருந்தால் அந்த 30 ஆண்டும் ஓடிவிடும்.

வட்டாட்சியர் அகற்ற முன்வரும்போது நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ம் பிரிவு நோட்டீஸ் முறையாகப் போனதா என்று நாமே கவனிக்க வேண்டும். விளக்கம் கேட்கும் அந்த நோட்டீஸைத் தாண்டி நேராக 6-ம் பிரிவு உத்தரவுக்குப் போனால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை வாங்குவது எதிர்த்தரப்புக்கு மிக எளிது. நல்ல எண்ணத்தில் காட்டுகிற அவசரம் நமக்கே கெடுதலாக முடியும்.

சுனாமிக்குப் பிறகு விட்டுப்போன மனைகள்

இதைப் பற்றி அதிகம் பேர் கேட்டிருந்தீர்கள். வருவாய்த் துறையின் 30.3.2005 தேதியிட்ட அரசாணை 172-ன்படி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தவர்கள் உள்ளே தள்ளிப் புது வீடு பெற்றுக்கொள்ளலாம். ஆனால் பழைய மனையை எழுத்து மூலம் அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அது பொதுப் பயன்பாட்டுக்குச் சேரும். பல இடங்களில் வீடு கைமாறியது, எழுத்து நடக்கவில்லை. அல்லது நடந்தும் பதிவேட்டில் ஏறவில்லை. அந்த மனைகளைத்தான் இப்போது 'கடல் பார்த்த பிளாட்' என்று விலை பேசுகிறார்கள். புது வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலையும் பழைய மனைகளின் புல எண்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். அரசு நிலம் என்று உறுதியான எண்களைச் சார்பதிவாளருக்கும் கொடுக்கிறோம். பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவில் அவர் பதிவை மறுக்க வேண்டும். விற்பவர் நம் ஊர்க்காரரே என்பதால் இதைச் சொல்லப் பலருக்கும் சங்கடம். எனக்கும்தான்.

கடலோர மண்டலச் சட்டம்

2011-ம் ஆண்டு அறிவிக்கையும் 2019 ஜனவரி 18-ம் தேதி அறிவிக்கையும் அடிக்கடி குழம்புகின்றன. 2019-ன்படி, ஊரகக் கடற்கரையில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதியில் கட்டடமில்லா வளையம் 50 மீட்டர், மற்ற ஊரகப் பகுதியில் 200 மீட்டர். 50 மீட்டர் என்று மட்டும் எதிர்த்தரப்பு சொல்லும். எந்த வகைப்பாடு, எந்த வரைபடம் என்று கேளுங்கள். 2019-க்கான வரைபடம் ஒப்புதல் பெறாதவரை பழைய வரைபடமே செல்லும். குடில், கழிவறை, உடைமாற்றும் அறை போன்ற தற்காலிகச் சுற்றுலா வசதிகளை உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி அனுமதிக்கலாம் என்று 2019-ல் இருப்பதையும் காட்டுவார்கள். அனுமதி இருந்தாலும் அது நில உரிமை ஆகாது. கான்கிரீட் அடித்தளம் போட்ட பிறகு அதைத் தற்காலிகம் என்று சொல்லவும் முடியாது. மணல்மேட்டை அழகுக்காகச் சமன்படுத்துவது தடை செய்யப்பட்ட செயல்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைத் தண்டனை போய், 2024 ஏப்ரல் 1 முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்றாகிவிட்டது. பெரிய விடுதிக்கு இது கட்டுமானச் செலவில் ஒரு வரி. ஆகவே அபராதம் போடுங்கள் என்று நாம் கேட்பதில்லை. 5-ம் பிரிவில் அகற்றும் உத்தரவைத்தான் கேட்கிறோம். கடலோர மண்டல மீறலுக்காகக் கொச்சி மரடில் அடுக்குமாடிகளே 2020 ஜனவரியில் இடிக்கப்பட்டன என்பதை மனுவில் சேர்த்தால் போதும், விரிவுரை வேண்டாம்.

இதைவிட முக்கியம் நமது சொந்த வரைபடம். மீனவ ஊர்களின் பொது இடங்கள், மீன் காயப்போடும் இடம், பாதைகள் ஆகியவை புல எண் தெரியும் பெரிய அளவு வரைபடத்தில் காட்டப்பட வேண்டும் என்பது அறிவிக்கையிலேயே இருக்கிறது. அதில் வெறும் மணலாகக் காட்டப்பட்ட இடம், கேட்பவருக்கு வெறும் மணல்தான். கரமடி இழுக்கும் நீளம், வள்ளம் நிற்கும் இடம், கடலுக்குப் போகும் ஒவ்வொரு பாதையின் அகலம் எல்லாம் புலப்படத்தின் மேல் குறிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும்; அவர்கள் யார் என்று கேட்டு எழுதியிருக்கிறோம்.

மனு எழுதும்போது

'கடற்கரையில் ஆக்கிரமிப்பு' என்று பொதுவாக எழுதினால், அது கிராம நிர்வாக அலுவலரிடம் போய், 'புல எண் இல்லை' என்று முடிக்கப்படும். பத்துக் குறையை ஒரே மனுவில் எழுதினாலும் ஒன்றுக்குப் பதில் வந்து மற்றது மூடப்படும். ஒரு மனுவுக்கு ஒரு புல எண். வட்டாட்சியருக்கு நில ஆக்கிரமிப்பு. ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கும் கடலோர மண்டல மீறல். பேரூராட்சி அல்லது ஊராட்சிக்குக் கட்டட அனுமதி நகல். திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். தகவல் மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளில் பதில் இல்லையேல் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகல் கேட்பதைவிடக் கோப்பை நேரில் பார்வையிடக் கேட்பது நல்லது. எது இல்லை என்பது அப்போதுதான் தெரியும்.

பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமானால் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள், அவ்வளவுதான். அடித்தளத்துக்கு வானம் தோண்டிய நாளின் படம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே தகராறாகும். இடமும் தேதியும் பதியும் கேமராவில், எப்போதும் ஒரே இடத்தில் நின்று எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இடக்குறிப்பு அழிந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். மூலப்படம் போனிலேயே இருக்கட்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றுக்கு அது தேவை.

நம்மவர் கொட்டகைகள் பற்றிக் கமிட்டியில் காரசாரமாகப் பேச்சு நடந்தது. வலை, எஞ்சின் வைக்கும் ஓலைக் கொட்டகை தொழிலுக்கானது. அதில் நமக்கு மறுப்பில்லை. அதையே ஓடு மாற்றி, ஏசி வைத்து வாடகைக்கு விடுவதைத் தொழில் என்று சொல்ல முடியாது. குருசடியோ (சிறு சிலுவைக் கோயில்) பீடமோ கொடிக்கம்பமோ முன்னால் நிறுத்தி, பின்னால் வேலி போடுவதையும் ஆதரிப்பதில்லை என்று தீர்மானம் ஆகியிருக்கிறது.

பழைய பிரமாணம், சுனாமி வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, கரையின் பழைய புகைப்படம் எது வீட்டில் இருந்தாலும் நகல் எடுத்துச் செயலாளரிடம் கொடுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் தர வேண்டும். ஆனி தொடங்குவதற்குள் பாதைகளை அளந்து முடிக்க ஆள் தேவை.

இப்படிக்கு,
செயலாளர்