ஆண்டறிக்கை: நான்கு கோடை நடைகளும் ஒரு திருத்தமும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் பறவை நோக்கர் சங்கத்தின் சார்பில், கோவையை அடுத்த ஆனைகட்டி அடிவாரத்தில் ஐந்து கோடை நடைகளுக்கு ஏற்பாடு செய்தோம், நடந்தது நான்கு. ஐந்தாவது நாள் சாலையோரம் யானைகள் நின்றதால் டீக்கடையோடு திரும்பிவிட்டோம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ பற்றியதிலிருந்து கோடையில் காட்டுக்குள் நடக்கக் கெடுபிடி அதிகம். அதனால் வனத்துறை அனுமதித்த பாதையையும் ஊரோரத் தோப்புகளையும் நாம் தாண்டவில்லை. இலை உதிர்ந்த காடு, பாதையில் நின்றே நிறையப் பார்த்தோம்.

ஒன்றுபோலவே இருந்து குழப்பும் கதிர்க்குருவிகள் ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலும் வடக்கே போய்விடுவதால், பட்டியல் எழுதும் செயலாளருக்குப் பாதித் தலைவலி குறைந்தது. மீதி, இங்குள்ள இரண்டு வகைக் குக்குறுவான்கள். இரண்டும் பச்சை, இரண்டுக்கும் "குட்ரூ குட்ரூ" தான். குரலை மட்டும் கேட்டு எழுதியவர்கள் அத்தி மரத்தடியிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். கண்ணைச் சுற்றி ஆரஞ்சு நிற வெறுந்தோல் இருந்தால் பழுப்புத்தலைக் குக்குறுவான். கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பட்டை என்றால் வெண்கன்னக் குக்குறுவான். தலை தெரியவில்லையா, வெறும் "குக்குறுவான்" என்று எழுதினால் போதும். பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்திலும் அப்படிப் பதிய வழி இருக்கிறது, வெட்கப்பட வேண்டாம்.

அப்புறம், என் தவறு. சென்ற ஆண்டுப் பதிவேட்டில், ஜூன் மாதப் பக்கத்தில், "இளம் வல்லூறு, சிலம்பன்கள் சூழ்ந்து விரட்டின" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. (வல்லூறு சின்ன வேட்டைப் பறவை; சிலம்பன் நம் தவிட்டுக்குருவிதான்.) இந்த ஜூனிலும் அதே வேலமரத்தருகே அதே காட்சி. நெஞ்சில் பழுப்புத் தீற்றல், பட்டை போட்ட வால். கிளையில் உட்கார்ந்ததும் வாலை இப்படியும் அப்படியும் ஆட்டியது. நான் பேனாவை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பள்ளி மாணவி ஒருவர், "சார், அது வாயத் திறக்குது" என்றார். சிலம்பன் ஒன்று கிளையோரமாகத் தத்தி வந்து, பச்சைப் புழு ஒன்றை அந்த வாய்க்குள் திணித்தது. அலகில் வல்லூறின் கொக்கி இல்லை. அக்காக்குயில் குஞ்சு! ஏப்ரல் முழுக்க இரவிலும் குரலை ஏற்றி ஏற்றிக் கத்தி ஊரைத் தூங்கவிடாத அதே பறவை. அது சிலம்பன் கூட்டில்தான் முட்டையிடும் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுத்தவனும் நானே.

வளர்ந்த பறவைகள் இன்னும் மோசம்: இரண்டுக்கும் சாம்பல் முதுகு, பறக்கும் விதமும் ஒன்றே. வல்லூறின் தொண்டை நடுவே மெல்லிய கருங்கோடு உண்டு. அக்காக்குயிலுக்குக் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். கிளையைப் பிடிக்கும்போது இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்தின் பழைய பைனாகுலரில் பூஞ்சை பிடித்திருக்கிறது; கடைசியாக வாங்கிப் போனவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

சென்ற ஆண்டுப் பட்டியலில் "இளம் வல்லூறு" என்பதை அடித்து "அக்காக்குயில் குஞ்சு" என்று திருத்த இக்கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்