நான்கு குழாய்த் துண்டுகள் தந்த அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

பாய்மரப் படகில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி, பார்படோஸ் தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். பிள்ளைகள் இருவரும் நலம். நடுக்கடலில், படகைத் திருப்பும் சுக்கான் போனதும் அதன் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி எழுதவில்லை. மனம் இன்னும் நிலைகொள்ளவில்லை. ஆனாலும் நன்றியைத் தள்ளிப்போட முடியவில்லை.

முதல் நன்றி, நாங்கள் புறப்பட்ட கேப் வெர்டே தீவுகளின் மிண்டெலோ துறைமுகத்தில் எங்களுக்குப் பக்கத்துப் படகில் இருந்த பிரெஞ்சுக்கார அம்மாவுக்கு. புறப்படும் முன் அவர் எங்கள் கையில் கொடுத்தது பழைய தீயணைப்புக் குழாயின் நான்கு துண்டுகள். ஒவ்வொன்றும் அரை மீட்டர் நீளம். நீளவாக்கில் வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, கட்டுவதற்கு மெல்லிய கயிறும் கோத்திருந்தார். நாங்கள் கேட்கவில்லை. காசும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தத் துண்டுகளின் அருமை படகில் வாழ்பவர்களுக்கு உடனே புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். சுக்கான் இல்லாத படகைத் திருப்ப, டிரோக் எனப்படும் கூம்பு வடிவத் துணிப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதன் கயிற்றிலிருந்து இரண்டு கட்டுப்பாட்டுக் கயிறுகளைப் பிரித்து, இரு பக்கமும் கப்பி வழியாக, கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சுக்குக் கொண்டுவர வேண்டும். இடக் கயிற்றை இழுத்தால் பை இடப்பக்கம் வரும், அங்கே தடை கூடும், படகின் முன்முனையான அணியமும் அந்தப் பக்கமே திரும்பும். கப்பிகளைப் படகின் பின் மூலைகளில் கட்டினால், இழுவை பின்பகுதியையே பிடித்து வைத்துக்கொள்ளும், திருப்பம் கிடைக்காது. படகு அகன்றிருக்கும் நடுப்பகுதிக்கு அவற்றை முன்னே கொண்டுவர வேண்டும். பைக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி வேண்டும். இல்லாவிட்டால் பெரிய அலையின் முகட்டில் பை நீரைவிட்டுத் துள்ளும், அந்த நொடியில் படகு அலைக்குப் பக்கவாட்டில் போய்விடும். பெரிய பாயை இறக்கிவிட்டு முன்பாயை மட்டும் பாதி சுருட்டி வைக்க வேண்டும். பெரிய பாய் மேலே இருந்தால் அணியம் காற்றை நோக்கியே ஓடும். இந்த ஏற்பாட்டில் வேகம் ஒன்றிரண்டு நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற அளவு) குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். நடுக்கடலில் உயிரை எடுப்பது தேய்மானம். எட்டு வினாடிக்கு ஓர் அலை என்று வைத்தாலும் கயிறு நாளொன்றுக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் இறுகித் தளரும், ஒவ்வொரு தடவையும் படகின் விளிம்பில் அரைபடும். நைலான் கயிறு இழுபட இழுபட உள்ளேயே சூடேறும். வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாயை அதற்குச் சட்டையாகப் போட்டால் தண்ணீர் உள்ளே புகாது, சூடு வெளியேறாது, மேலே எதுவும் தெரியாமல் உள்ளே கயிறு உருகும். தீயணைப்புக் குழாயின் வெளிப்புறம் முரட்டு நெசவு, சீக்கிரம் தேயாது. அந்த அம்மா வெட்டியிருந்த பிளவின் வழியே கடல்நீர் உள்ளே போய்க் கயிற்றைக் குளிர வைத்துக்கொண்டே இருந்தது.

இரண்டு விஷயங்களைச் செய்தே காட்டினார். குழாயைக் கயிற்றோடு கட்டக்கூடாது, படகோடு கட்ட வேண்டும். அப்போதுதான் கயிற்றை விட்டுப் பிடிக்கும்போது குழாய் உராயும் இடத்திலேயே நிற்கும். இன்னொன்று, மணிக்கொரு தரம் ஒரு சாண் கயிறு விட வேண்டும், ஒரே இடம் தொடர்ந்து அரைபடாமல் இருக்க. எங்களுக்குள் மொழி இல்லை. தன் கைச்சாணை விரித்துக் காட்டினார், அவ்வளவுதான். அம்மா, நாங்கள் இழுத்துவந்த கயிறு அறவே அறுந்திருக்க வேண்டியது. அறவில்லை. உங்கள் கைக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது?

மற்றவர்களையும் சொல்லியாக வேண்டும். மார்ட்டினிக் தீவின் ஃபோர் த ஃபிரான்ஸ் மீட்பு மையத்தில் இரவெல்லாம் விழித்திருந்து பதில் சொன்னவர்கள். பாதையை மாற்றி வந்து, விடியும்வரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்ற சரக்குக் கப்பலின் மாலுமிகள். 1958 முதல் ஆம்வர் என்ற ஏற்பாட்டில் கப்பல்கள் தாமே முன்வந்து தம் இருப்பிடத்தைத் தெரிவித்துவருகின்றன. அப்படியொரு பழக்கம் இருப்பதால்தான் நடுக்கடலில் யார் யாருக்கு அருகில் இருக்கிறார்கள் என்று கரையில் இருப்பவர்களால் சொல்ல முடிகிறது. மாலைதோறும் சிற்றலை ரேடியோவில் காற்றும் அலையும் எப்படி என்று சொல்லிவிட்டு, மறக்காமல் பிள்ளைகளிடமும் இரண்டு வார்த்தை பேசிய சக படகுகள். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, தண்ணீரை ஒரே தொட்டியில் வைக்காமல் கேன்களில் பிரித்து வைக்கச் சொன்ன நண்பர். ஊரில் தூங்காமல் இருந்த சொந்தங்கள். எல்லோருக்கும் நன்றி.

எங்கள் பிள்ளைகளுக்கும் நன்றி சொல்கிறேன். 2011 முதல் இந்தப் பாதையில் சர்காசம் என்ற மிதக்கும் கடற்பாசி பெருகிவிட்டது. அது ஒரு பக்கக் கயிற்றில் சுற்றிக்கொண்டால் படகு சொல்பேச்சுக் கேட்காது. பாதுகாப்புப் பட்டையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, பகலெல்லாம் கயிற்றைப் பார்த்துப் பாசி வந்ததும் குரல் கொடுத்தது அவர்கள் இருவரும்தான்.

புதுச் சுக்கான் வர நாளாகும். அதற்குள் இங்கே பழைய தீயணைப்புக் குழாய் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இனி எந்தத் துறைமுகத்தில் நின்றாலும், கடல் தாண்டப் போகும் படகில் குழந்தைகள் இருந்தால், நான்கு துண்டு வெட்டித் துளையிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்போம். எப்படிக் கட்டுவது என்றும் செய்து காட்டிவிட்டே வருவோம்.