பேச வரும், ஆனாலும் கையால்தான் பேசுகிறேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காதுக்குள் அறுவை சிகிச்சை செய்து வைத்து, வெளியே மாட்டும் கருவியோடு சேர்ந்து ஒலியைக் கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட டெல்டா குழந்தைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை கிடைப்பது நல்ல விஷயம். லட்சக்கணக்கில் ஆகும் செலவை ஒரு நடவுக்கூலிக் குடும்பம் எங்கே போய்ப் புரட்டும்? அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இனி இந்தக் குழந்தைகள் சைகை செய்து கஷ்டப்பட வேண்டியதில்லை என்ற பொருளில் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்குக் காது கேட்காது. சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து கேட்கும் திறன் போனது. அதற்குள் ஓரளவு பேசப் பழகியிருந்ததாலும், பிறகு பள்ளியில் கொடுத்த பயிற்சியாலும் எனக்குப் பேச வரும். இருந்தும் வெளியில் நான் குரல் கொடுத்துப் பேசுவதில்லை. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் வீட்டிலும் கடைத்தெருவிலும் கையால்தான் பேசுகிறேன். காது கேளாத என் மனைவியும் அப்படியே. "உனக்குத்தான் பேச வருமே, அப்புறம் ஏன் கையை ஆட்டுற?" என்று யாராவது கேட்காத விசேஷ வீடே கிடையாது.

நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் போதும், எதிரில் இருப்பவர் எனக்குக் காது கேட்கும் என்றே முடிவு செய்துவிடுகிறார். ஓர் அலுவலகத்தில் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போயிருந்தேன். காது கேட்காது என்று வாயால் சொன்னேன். "நல்லாத்தானே பேசுறீங்க" என்றவர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே மளமளவென்று ஏதோ சொல்லிக்கொண்டு போனார். மறுபடி கேட்டேன், எரிச்சல்பட்டார். அடுத்த முறை போனபோது முதலிலேயே காதைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கையால் கேட்டேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார், வேலை முடிந்தது. எங்களில் பலர் குரலை விட்டுவிட்டதற்கு இதுதான் முதல் காரணம். நான் பேசினால் உங்களுக்குச் சுலபம். பதிலைப் புரிந்துகொள்ளும் பாடு முழுவதும் என் தலையில் விழுகிறது.

உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வோம் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் 'பாடு' என்றும் 'மாடு' என்றும் சொல்லிப் பாருங்கள், உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். ககரம் வாய்க்குள் பின்னாலேயே முடிந்துவிடும். லகரமும் ளகரமும் நாக்கு செய்கிற வேலை, வெளியே தெரியாது. தெரிகிற கொஞ்சத்தை வைத்து மீதியை ஊகித்துக்கொண்டே போக வேண்டும். அதிலும் நம்ம ஊரில் வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுபவர்களும், மேலுதட்டை மூடும் மீசைக்காரர்களும் அதிகம். நாள் முழுக்க இப்படி உதடுகளையே உற்றுப் பார்த்தால் சாயங்காலம் தலை வெடித்துவிடும்.

பள்ளியில் எனக்குப் பேச்சு சொல்லிக் கொடுத்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. உதட்டுக்கு முன்னால் தாள் துண்டைப் பிடித்து, அது படபடத்தால் 'ப' சரி என்பார்கள். மூக்கில் விரலை வைத்து அதிர்வு தெரிந்தால் 'ம'. ஆசிரியர் கெட்டவர் இல்லை, அக்கறையோடுதான் செய்தார். ஆனால் ஓர் எழுத்தின் ஒலிக்காக வாரக்கணக்கில் மெனக்கெட்ட நேரத்தில் கணக்கும் அறிவியலும் எவ்வளவோ படித்திருக்கலாம். வகுப்பில் கையை அசைத்தால் அடி விழும். விடுதியில் விளக்கை அணைக்கும் முன் எங்களுக்குள் கையால் பேசிக்கொள்வோமே, அப்போதுதான் எனக்கு உலகத்தில் நடப்பதெல்லாம் தெரிந்தது.

இந்தக் கையைக் கட்டும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு நடந்தது. சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்தது, அதிலேயே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அங்கே கூடியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அந்தத் தீர்மானத்தால் பல நாடுகளில் பள்ளிகளிலிருந்து சைகை விரட்டப்பட்டது. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் போய்விட்டன.

சைகை என்றால் கையால் படம் காட்டுவது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. 'என்ன', 'எங்கே' போன்ற கேள்விச் சொற்கள் வாக்கியத்தின் கடைசியில் வரும். 'கொடு' என்பதற்கான கை, கொடுப்பவர் பக்கமிருந்து வாங்குபவர் பக்கம் நகரும், அதிலேயே யார் யாருக்கு என்பது தெரிந்துவிடும். புருவத்தை உயர்த்தினால் சொன்னது கேள்வியாகிவிடும். டெல்லியில் 2015-இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில், 2021-இல், 10,000 சொற்கள் வந்துவிட்டன. இந்த மொழியில் என்னால் பேச முடியாத விஷயம் எதுவும் இல்லை. சண்டை போடுகிறேன், வட்டிக் கணக்குப் பார்க்கிறேன், மேட்டூர் தண்ணீர் எப்போது கடைமடைக்கு வரும் என்று நண்பர்களோடு மணிக்கணக்கில் விவாதிக்கிறேன்.

பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் காது கேட்பவர்களும் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல் கத்த வேண்டியிருக்கும். அதனால் என்னோடு வேலை செய்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக என் சைகைகளைப் பிடித்துக்கொண்டார்கள். பித்தளை உருகிவிட்டதா, அச்சு தயாரா, டீ வந்துவிட்டதா, எல்லாம் இப்போது கையிலேயே நடக்கிறது. நான் இல்லாத நாளிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சைகை பழகினால் பேச்சு வராது என்று கருவி பொருத்திய குழந்தைகளின் பெற்றோரைப் பயமுறுத்துகிறார்கள். எங்கள் மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவள் முதலில் கற்றது எங்கள் கைமொழியைத்தான், இன்று பாட்டியிடம் வாய் ஓயாமல் தமிழ் பேசுகிறாள். குழந்தைக்கு முதல் சில வருடங்களில் முழுசாக ஒரு மொழி கிடைத்தாக வேண்டும், அது எது என்பது அப்புறம். கருவி பொருத்திய எல்லாக் குழந்தைக்கும் பேச்சு ஒரே அளவில் வந்துவிடாது. பேட்டரி தீரும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் வெளிக்கருவியைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்றியவுடன் அந்தக் குழந்தை காது கேளாத குழந்தைதான். அந்த நேரத்தில் அம்மாவோடு பேச அதற்கு ஒரு மொழி வேண்டாமா? கருவியும் வைக்கட்டும், சைகையும் கற்கட்டும். வளர்ந்த பிறகு எதில் பேசுவது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. பேச முடியாத சாட்சி கோர்ட்டில் சைகையால் சொன்னது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும் என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே, 119-ஆவது பிரிவில், சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தகவல் தொடர்பு முறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

ஆனால் என் மனைவியின் பிரசவத்தின்போது இந்தச் சட்டம் எதுவும் உதவவில்லை. மருத்துவமனையில் எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது முக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கையால் கேட்டாள், யாருக்கும் புரியவில்லை. "வாயைத் திறந்து சொல்லும்மா" என்று முகத்துக்கு நேரே அதட்டினார்களாம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, அந்தப் பயம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என நான்கு மாவட்டங்களிலும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டங்களிலும், சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தவறாமல் இருக்க வேண்டும். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் வீடியோ காலிலாவது வர வேண்டும். பிரசவ வார்டு செவிலியர்களுக்கு 'முக்கு', 'நிறுத்து', 'வலிக்கிறதா', 'குழந்தை நலம்' என்று இருபது சைகைகள் கற்றுக் கொடுக்க ஒரு மத்தியானம் போதும். கூப்பிட்டால் நானும் என் மனைவியும் வந்து சொல்லித் தருகிறோம். காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நாச்சியார்கோவில்.