வர்ச்சுவல் மெஷினை அழிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வர்ச்சுவல்பாக்ஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை, அதாவது வர்ச்சுவல் மெஷினை, ஓட்ட உதவும் மென்பொருள் அது. புதிதாகக் கற்பவர்களுக்கு நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசிப் பத்தியில், டிஸ்க் நிரம்பிவிட்டால் மெஷினை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிக்கொள்ளலாம் என்று இருந்த வரி என்னைப் பதற வைத்துவிட்டது.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். திங்கள் காலை மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்தபடி வந்தான். "மிஸ், உபுண்டு ஃபுல் ஆயிடுச்சு. அழிச்சிட்டுத் திரும்பப் போடலாம்னு பேப்பர்லயே போட்டிருக்கு" என்றான். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் அந்த மெஷினுக்குள் இருந்தவை, அவன் ஊர்க் கோயில் கல்வெட்டுகளை ஐந்து மாதமாக எடுத்துச் சேர்த்த படங்கள். வேறு எங்கும் நகல் இல்லை.

முதலில் மெஷினை முழுசாக ஷட்டவுன் செய்து, அதன் டிஸ்க் முழுவதும் அடங்கிய விடிஐ ஃபைலை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுக்க வைத்தேன். ஸ்னாப்ஷாட் (மெஷினின் முந்தைய நிலையைச் சேமித்த பதிவு) எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டோம். அப்புறம் விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரே வரி: விபாக்ஸ்மேனேஜ், மாடிஃபைமீடியம் டிஸ்க், ஃபைல் இருக்கும் பாதை, ரீசைஸ் 51200. அந்த எண் எம்பி கணக்கு. 25 ஜிபியாக இருந்த டிஸ்க், 50 ஜிபி ஆகிவிட்டது. 10%, 20% என்று ஓடிச் சில நொடிகளில் முடிந்தது.

பலர் மனம் விட்டுப்போவது இதற்கு அப்புறம்தான். மெஷினை ஆன் செய்து, டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைக் கொடுத்தால் பழைய 25 ஜிபியே காட்டியது. பையன் முகம் வாடிவிட்டது. பக்கத்து நிலத்தை வாங்கியாச்சு, நடு வரப்பை இன்னும் வெட்டவில்லை, அவ்வளவுதான் என்றேன். டிஸ்க்கையும் அதன் பார்ட்டிஷன்களையும் (பகுதிகளையும்) காட்டும் எல்எஸ்பிஎல்கே கொடுத்தோம். முழு டிஸ்க்கான எஸ்டிஏ 50 ஜிபி, அதன் கடைசிப் பார்ட்டிஷனான எஸ்டிஏ3 மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. அதை நீட்டும் குரோபார்ட் என்ற கட்டளையை நிறுவக்கூட டிஸ்க்கில் இடமில்லை. ஆப்ட் கிளீன் கொடுத்து, பழைய பேக்கேஜ் ஃபைல்களைத் துடைத்த பிறகே முடிந்தது. குரோபார்ட்டில் எஸ்டிஏவுக்கும் 3க்கும் நடுவே ஓர் இடைவெளி விட வேண்டும். அடுத்து, நீட்டிய இடத்தை ஃபைல்களுக்குப் பயன்பட வைக்கும் ரீசைஸ்2எஃப்எஸ் கொடுக்கும்போது இடைவெளி கூடாது, எஸ்டிஏ3 என்று சேர்த்தே எழுத வேண்டும். மாணவர்கள் இதை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, கட்டளையே வேலை செய்யவில்லை என்பார்கள். மறுபடி டிஎஃப் பார்த்தோம். பாதி டிஸ்க் காலி. படம் ஒன்றுகூடப் போகவில்லை.

உபுண்டுவில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சேமிப்பு முறைக்கு இது பொருந்தும். எல்விஎம், எக்ஸ்எஃப்எஸ் போன்ற வேறு டிஸ்க் அமைப்பு முறைகள் என்றால் கட்டளைகள் மாறும். எதுவானாலும் அழிக்கத் தேவையில்லை. மவுஸ் இல்லாத கிளவுட் சர்வரிலும் குரோபார்ட்தான் கைகொடுக்கிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் கல்லூரியிலேயே பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

வரும் ஞாயிறே அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். இப்போதே டிஸ்க் நிரம்பி நிற்கிற பிள்ளைகள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள். முழு வழிமுறையும் கால் பக்கத்துக்குள் அடங்கிவிடும். கேட்டால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பயிற்றுநர்,
விருதுநகர் மாவட்டம்